நோயாளர் குரலும் செஞ்சோற்றுக் கடனும்

2016 மார்ச்சில் அமெரிக்காவின் மெடிக்கேர் நிர்வாகம் ஒரு சோதனைத் திட்டத்தை அறிவித்தது. மெடிக்கேர் என்பது முதியோருக்கான அரசுக் காப்பீடு. கிளினிக்கில் வைத்து ஊசியாகவோ டிரிப்ஸாகவோ ஏற்றப்படும் மருந்துகளுக்கு, சராசரி விற்பனை விலையோடு மேற்கொண்டு 6 விழுக்காட்டை அது மருத்துவருக்குக் கொடுத்துவந்தது. 100 டாலர் மருந்தைப் போட்டால் மருத்துவருக்கு 6 டாலர். 10,000 டாலர் மருந்தைப் போட்டால் 600 டாலர். ஒரே நோய்க்கு இரண்டு மருந்துகள் இருந்தால் கை எதை நோக்கிப் போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. இந்த 6 விழுக்காட்டை 2.5 ஆகக் குறைத்து, அதோடு 16.80 டாலர் என்ற நிலையான தொகையைச் சேர்த்துக் கொடுத்துப் பார்க்கலாம் என்பதுதான் திட்டம்.

மருந்து நிறுவனங்கள் எதிர்த்தன. புற்றுநோய் மருத்துவர்கள் எதிர்த்தார்கள். இதில் வியப்பில்லை. ஆனால், இந்த மருந்துகளின் விலையில் 20 விழுக்காட்டைத் தம் கையிலிருந்து கட்ட வேண்டியவர்கள் நோயாளிகள். அவர்கள் பெயரில் இயங்கும் அமைப்புகளும் திரண்டு எதிர்த்தன. எதிர்ப்புக் கடிதத்தில் கையெழுத்திட்ட 147 நோயாளர் அமைப்புகளின் கணக்கைப் பப்ளிக் சிட்டிசன் என்ற நுகர்வோர் அமைப்பு தோண்டிப் பார்த்தது. குறைந்தது 110 அமைப்புகள் மருந்துத் துறையிடம் பணம் வாங்கியவை. அந்த ஆண்டு டிசம்பரில் அரசு திட்டத்தைக் கைவிட்டது.

அந்த 110 அமைப்புகளும் விலைபோய்விட்டன என்று சொல்லிவிடுவது சுலபம். அவற்றுக்கு நியாயமான ஓர் அச்சமும் இருந்தது. வருமானம் குறைந்தால் சிற்றூர்களில் இருக்கும் சிறிய கிளினிக்குகள் ஊசி போடுவதையே நிறுத்திவிட்டால், நோயாளி எங்கே போவார்? இந்தக் கேள்வி அவர்களுக்குச் சொந்தமாகத் தோன்றியதா, பணம் கொடுத்தவரிடமிருந்து வந்ததா? வெளியிலிருந்து பார்க்கும் நமக்குத் தெரிய வழியில்லை. கையெழுத்திட்டவர்களுக்கே அது தெரிந்திருக்குமா என்பதும் சந்தேகம். மருந்து நிறுவனங்களின் நிதி பற்றிய அறக் கேள்வி இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

நோயாளிக்கு மேசையில் கிடைத்த இடம்

ஒரு காலத்தில் நோயாளி மருத்துவத்தின் பொருளாக மட்டுமே இருந்தார். அதை உடைத்ததில் எய்ட்ஸ் போராளிகளுக்குப் பெரும் பங்கு உண்டு. 1987-இல் நியூயார்க்கில் தொடங்கிய ஆக்ட் அப் இயக்கம், ஏ.இசட்.டி. மருந்தின் விலையை எதிர்த்து 1989 செப்டம்பர் 14 அன்று பங்குச் சந்தைக்குள் நுழைந்து முழக்கமிட்டது. சில நாட்களிலேயே அதைத் தயாரித்த பரோஸ் வெல்கம் நிறுவனம் விலையில் 20 விழுக்காட்டைக் குறைத்தது. மருந்துச் சோதனைகள் எப்படி நடக்க வேண்டும், ஒப்புதல் எவ்வளவு விரைவாக வர வேண்டும் என்பதிலெல்லாம் நோயாளிகள் பேசத் தொடங்கினார்கள். பிறகு அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமும் ஐரோப்பிய மருந்து முகமையும் நோயாளர் பிரதிநிதிகளைத் தம் குழுக்களில் உட்கார வைத்தன. எந்த மருந்துக்கு அரசுப் பணம் தரலாம் என்று முடிவுசெய்யும் பிரிட்டனின் நைஸ் அமைப்பும் அவர்களிடம் கருத்துக் கேட்கிறது.

இது பெரிய வெற்றி. அந்த வெற்றியே நோயாளியின் சொல்லுக்குச் சந்தை மதிப்பையும் கொண்டுவந்தது. ஒரு கம்பெனி அதிகாரி போய் ‘இந்த மருந்தை அனுமதியுங்கள்’ என்றால் அது வியாபாரம். அதையே தசைச்சிதைவு நோயுள்ள சிறுவனின் தாய் கண்ணீரோடு சொன்னால் எந்த அதிகாரியும் தலையைக் குனிவார். ஒரு நிறுவனத்தின் விளம்பரத் துறையால் விலை கொடுத்து உருவாக்க முடியாத நம்பகத்தன்மை அது. அதன் பக்கத்தில் நிற்கவாவது முடியுமா என்று நிறுவனங்கள் பார்க்கின்றன.

அதற்காகக் கொட்டப்படும் தொகை சிறியதில்லை. 2015-இல் மட்டும் 14 மருந்து நிறுவனங்கள் அமெரிக்க நோயாளர் அமைப்புகளுக்குக் குறைந்தது 11.6 கோடி டாலர் கொடுத்ததாகக் கைசர் ஹெல்த் நியூஸ் செய்தியாளர்கள் கணக்கிட்டார்கள். நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் 2017-இல் வெளியிட்ட ஆய்வு, ஆண்டு வருவாய் 75 லட்சம் டாலருக்கு மேலுள்ள 104 அமைப்புகளைப் பார்த்தது. குறைந்தது 83 விழுக்காடு அமைப்புகள் துறையிடம் நிதி பெற்றவை. குறைந்தது 39 விழுக்காடு அமைப்புகளின் ஆட்சிக் குழுவில் மருந்துத் துறையின் இந்நாள் அல்லது முன்னாள் உயர் அதிகாரி ஒருவராவது இருந்தார். நலமுரணைக் கையாள எழுதி வைத்த கொள்கையை வெளியிட்டிருந்தவை 12 விழுக்காடு மட்டுமே. பிரிட்டனில் 2012 முதல் 2016 வரை 508 நோயாளர் அமைப்புகளுக்கு 5.7 கோடி பவுண்டுக்கு மேல் போயிருக்கிறது. பல நாடுகளின் 26 ஆய்வுகளைத் தொகுத்து பி.எம்.ஜே. இதழ் 2020-இல் வெளியிட்ட மீளாய்வில், துறை நிதி பெறும் அமைப்புகளின் பங்கு 20 முதல் 83 விழுக்காடு வரை வேறுபட்டது. பணம் பெற்றவற்றில் சுமார் 27 விழுக்காடு அமைப்புகளே அதைத் தம் இணையதளத்தில் சொல்லியிருந்தன.

பேசவைக்கும் பணம்

பணம் நேரடியாகப் பேச்சை வாங்கியதற்கு எடுத்துக்காட்டுத் தேடி அலைய வேண்டாம். அமெரிக்கன் பெயின் ஃபவுண்டேஷன் நாட்பட்ட வலியால் துன்புறுவோருக்கான அமைப்பு. 2010-இல் அதற்குக் கிடைத்த 50 லட்சம் டாலரில் 90 விழுக்காடு மருந்து, மருத்துவக் கருவி நிறுவனங்களிடமிருந்து வந்தது என்று 2011 டிசம்பரில் புரோபப்ளிக்கா செய்தி நிறுவனம் எழுதியது. அந்த அமைப்பு நோயாளிகளுக்கும் செய்தியாளர்களுக்கும் அச்சிட்டுத் தந்த கையேடுகள் ஓபியாய்டு வகை வலிநிவாரண மாத்திரைகளின் நன்மையைப் பெரிதாக்கி, அடிமையாகும் ஆபத்தைச் சிறிதாக்கின. 2012 மே மாதம் செனட் நிதிக்குழு விசாரணையை அறிவித்த அதே நாளில் அமைப்பின் ஆட்சிக் குழு தன்னைக் கலைத்துக்கொண்டது. பின்னர் செனட்டர் கிளேர் மெக்காஸ்கில் 2018-இல் வெளியிட்ட அறிக்கை, ஐந்து ஓபியாய்டு தயாரிப்பாளர்கள் 2012-க்கும் 2017-க்கும் இடையில் 14 அமைப்புகளுக்குக் கிட்டத்தட்ட 90 லட்சம் டாலர் கொடுத்ததைக் காட்டியது. மருத்துவர்கள் ஓபியாய்டை அளவோடு எழுதித் தர வேண்டும் என்ற 2016-ஆம் ஆண்டு அரசு வழிகாட்டுதலை எதிர்த்த அமைப்புகளில் இவற்றுள் சிலவும் உண்டு.

ஃபிளிபான்செரின் கதை இன்னும் நாசூக்கானது. பெண்களின் பாலுறவு நாட்டக் குறைவுக்கான இந்த மாத்திரையை 2010-இலும் 2013-இலும் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் மறுத்தது. வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டால் நிறைவான பாலுறவு மாதத்துக்கு அரை முதல் ஒரு முறை மட்டுமே கூடியது. மதுவோடு சேர்ந்தால் ரத்த அழுத்தம் இறங்கி மயக்கம் வரும். 2014-இல் ‘ஈவன் தி ஸ்கோர்’ என்ற பிரசாரம் கிளம்பியது. ஆண்களுக்கு எத்தனையோ மருந்துகள், பெண்களுக்கு ஒன்றுமில்லை, நிர்வாகம் பெண்களை ஓரவஞ்சனை செய்கிறது என்று பெண்கள் அமைப்புகள் பலவற்றின் பெயரால் அது முழங்கியது. அதற்குப் பணம் தந்தவர்களில் மாத்திரையின் உரிமையாளரான ஸ்பிரவுட் நிறுவனமும் இருந்தது. மருந்துத் துறையிடம் காசு வாங்குவதில்லை என்ற கொள்கையுள்ள நேஷனல் விமென்ஸ் ஹெல்த் நெட்வொர்க் அந்தப் பிரசாரத்தை எதிர்த்தது. 2015 ஆகஸ்ட் 18 அன்று ஒப்புதல் கிடைத்தது. இரண்டே நாளில், ஏறத்தாழ 100 கோடி டாலருக்கு ஸ்பிரவுட்டை வாங்கும் ஒப்பந்தத்தை வேலியண்ட் என்ற மருந்து நிறுவனம் அறிவித்தது.

வாயை மூடவைக்கும் பணம்

மேலே சொன்னவை வெளியே தெரிந்துவிட்டவை. அன்றாடம் நடப்பது வேறு. ஜாமா இன்டர்னல் மெடிசின் இதழ் 2017-இல் வெளியிட்ட கருத்துக்கணிப்பில், நிதி தந்தவரின் விருப்பத்துக்கு இணங்கப் பேசும்படி அழுத்தம் இருந்ததாக 8 விழுக்காட்டுக்கும் குறைவான அமைப்புகளே சொல்லின. ஏனையவை பொய் சொல்கின்றன என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. யாரும் தொலைபேசியில் மிரட்டுவதில்லை. கம்பெனி தனக்கு ஒத்துவரக்கூடிய அமைப்பைத் தேடிப் பணம் தருகிறது. அந்த அமைப்பு வளர்கிறது, ஆள் வைத்துக்கொள்கிறது, மாநாடு நடத்துகிறது, அரசுக் குழுக்களுக்கு அழைக்கப்படுகிறது. விலையைப் பற்றிக் கத்தும் அமைப்பு ஒரு பெண்மணியின் வீட்டு முன்னறையிலேயே நின்றுவிடுகிறது. பத்தாண்டு கழித்துப் பார்த்தால் யாருடைய கருத்தும் மாறியிருக்காது. ஆனால் எந்தக் கருத்துக்கு ஒலிபெருக்கி கிடைத்தது என்பது மாறியிருக்கும்.

இன்சுலினை எடுத்துக்கொள்ளலாம். 2002-க்கும் 2013-க்கும் இடையில் அமெரிக்காவில் ஒரு நோயாளியின் ஆண்டு இன்சுலின் செலவு மும்மடங்கானது. லில்லி, நோவோ நார்டிஸ்க், சனோஃபி மூன்றும்தான் அப்போது அங்கே இன்சுலின் சந்தை. மூன்றிடமும் நிதி பெற்றுவந்த அமெரிக்கன் டயபெட்டிஸ் அசோசியேஷன், கட்டுப்படியாகும் இன்சுலின் வேண்டும் என்ற தீர்மானத்தை 2016 நவம்பரில்தான் நிறைவேற்றியது. அதற்குள் விலை ஏற வேண்டிய அளவுக்கு ஏறிவிட்டது. இதே காலத்தில் டி1இன்டர்நேஷனல் என்ற சிறிய அமைப்பு, முதல்வகை நீரிழிவு உள்ள இளம்பெண் ஒருவரால் தொடங்கப்பட்டு, மருந்துத் துறையின் காசைத் தொடுவதில்லை என்ற விதியோடு ‘எல்லோருக்கும் இன்சுலின்’ என்று தெருவில் இறங்கியது. பெரிய சங்கத்திடம் அறிவியல் இருந்தது, ஆளும் பணமும் இருந்தன. சிறிய அமைப்பிடம் இருந்தது கைம்மாறு செய்ய வேண்டிய கடன் எதுவும் இல்லாத வாய்.

நம் மரபில் இதற்குச் செஞ்சோற்றுக் கடன் என்று பெயர். நியாயம் பாண்டவர் பக்கம் என்று கர்ணனுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் துரியோதனனோடு நின்றான்; அதற்காக அவனை நாம் இகழ்வதில்லை, போற்றுகிறோம். நன்றி மறவாமை தனி மனிதரிடம் உயர்ந்த குணம். மூன்றாவது ஆளுக்காகப் பேசுகிறேன் என்று சொல்லி நிற்கும் அமைப்பிடம் அதே குணம் துரோகமாகிவிடும். ஏனென்றால், அது தீர்க்கும் கடன் தன்னுடையது. விலை கொடுப்பவர் நோயாளி.

மருந்தாக வரும் நன்கொடை

காசாக வருவதைவிட மருந்தாக வரும் உதவியின் பிடி இறுக்கமானது. இதற்குச் சென்னையோடு தொடர்புள்ள ஒரு வழக்கே நல்ல சான்று.

நாட்பட்ட மைலாய்டு ரத்தப்புற்றுநோய்க்கு நோவார்ட்டிஸ் கொண்டுவந்த க்ளிவெக் மாத்திரை ஓர் அற்புதம். மரண தண்டனையாக இருந்த நோயை அது வாழ்நாள் முழுக்க மாத்திரை விழுங்கிச் சமாளிக்கும் நோயாக்கியது. அப்போது இந்தியாவில் அதன் விலை மாதத்துக்கு ஏறத்தாழ 1,20,000 ரூபாய். நாட்கோ போன்ற இந்திய நிறுவனங்களின் ஜெனரிக் மாத்திரை 8,000 முதல் 10,000 ரூபாய். க்ளிவெக்கின் குறிப்பிட்ட படிக வடிவத்துக்கு நோவார்ட்டிஸ் கேட்ட காப்புரிமையைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006 ஜனவரியில் மறுத்தது. அந்தக் கோரிக்கைக்கு ஆட்சேபணை எழுப்பியவர்களில் ஜெனரிக் கம்பெனிகளோடு ஒரு நோயாளர் அமைப்பும் இருந்தது: 1969 முதல் மும்பையில் இயங்கும் கேன்சர் பேஷண்ட்ஸ் எய்டு அசோசியேஷன். ஏழைப் புற்றுநோயாளிகளுக்கு உதவி செய்து பழகிய அமைப்பு அது. தெரிந்த மருந்தின் புது வடிவத்துக்குக் காப்புரிமை தருவதைக் கட்டுப்படுத்தும் காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவையே எதிர்த்து நோவார்ட்டிஸ் போட்ட வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2007 ஆகஸ்டில் தள்ளுபடி செய்தது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் காப்புரிமைக் கோரிக்கையையும் இறுதியாக நிராகரித்தது.

இந்த ஆண்டுகளில் இன்னொரு ஏற்பாடும் நடந்துகொண்டிருந்தது. நோவார்ட்டிஸ் தன் நன்கொடைத் திட்டத்தின் வழியே இந்தியாவில் ஆயிரக்கணக்கானோருக்கு க்ளிவெக்கை இலவசமாகக் கொடுத்தது. அதை நடத்தியது மேக்ஸ் ஃபவுண்டேஷன் என்ற அமெரிக்கத் தொண்டு அமைப்பு. அந்த மாத்திரையால் உயிரோடு இருப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்த உதவியைச் சிறுமைப்படுத்த யாருக்கும் உரிமையில்லை. ஆனால் ஒரு குடும்பத்தின் நிலையிலிருந்து இதைப் பார்க்க வேண்டும். தந்தைக்கு ரத்தப்புற்றுநோய். அவருக்கான மாத்திரைப் பெட்டி கம்பெனியின் தயவில் வருகிறது. அந்தக் கம்பெனியின் காப்புரிமையை எதிர்த்து வழக்குத் தொடரப் போகிறோம், கையெழுத்துப் போடுங்கள் என்று ஒருவர் வந்து கேட்டால் மகன் என்ன செய்வான்? உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொல்லி வளர்க்கப்பட்டவன் அவன். வழக்குப் போட்டால் மாத்திரையை நிறுத்துவோம் என்று எவரும் சொல்லத் தேவையே இல்லை.

நன்கொடையாக வரும் மருந்து இன்றைய நோயாளியைக் காப்பாற்றுகிறது. ஜெனரிக் விலை நாளைய நோயாளியைக் காப்பாற்றுகிறது. நாளைய நோயாளிக்கு இன்று அமைப்பு இல்லை, உறுப்பினர் அட்டையும் இல்லை. அவருக்காகப் பேசும் பொறுப்பும் நோயாளர் அமைப்புக்கு உண்டு என்பதால்தான் இது வெறும் தனிப்பட்ட நன்றிக்கடனாக நின்றுவிடுவதில்லை.

நேர்மையாகச் சொல்ல வேண்டிய மறுபக்கமும் இந்த வழக்கில் இருக்கிறது. காப்புரிமை விழுந்ததில் நாட்கோவுக்கும் சிப்லாவுக்கும் லாபம். மருந்துத் துறை என்றால் வெளிநாட்டுப் பெருநிறுவனம் மட்டும் என்று நினைத்துக்கொள்வது நம் ஊரில் எளிதாக விழும் குழி. நாளை ஓர் இந்திய ஜெனரிக் கம்பெனி ஒரு நோயாளர் அமைப்புக்குப் பணம் கொடுத்து எதிராளியின் காப்புரிமையை எதிர்க்கச் சொன்னால், அங்கேயும் இதே கேள்விகளைக் கேட்க வேண்டியிருக்கும்.

அமெரிக்காவில் மருந்து உதவியே வியாபாரக் கருவியானதும் உண்டு. அங்கே மெடிக்கேர் நோயாளியின் பங்குத் தொகையைக் கம்பெனி நேரடியாகக் கட்டக் கூடாது. அதனால் கம்பெனி ஓர் அறக்கட்டளைக்குப் பணம் தரும். அறக்கட்டளை நோயாளியின் பங்கைக் கட்டும். மீதிப் பெருந்தொகையை அரசு கட்டும். இப்படி அறக்கட்டளையைக் குழாயாகப் பயன்படுத்தினார்கள் என்ற குற்றச்சாட்டைத் தீர்த்துக்கொள்ள 2017-இல் யுனைடெட் தெரபியூட்டிக்ஸ் 21 கோடி டாலர் கட்டியது. அடுத்த ஆண்டு ஃபைசர் 2.38 கோடி டாலர் கட்டியது.

வாங்குவோர் சொல்லும் நியாயம்

இவ்வளவையும் படித்துவிட்டு, பணம் வாங்கவே கூடாது என்று சட்டம் போடலாமே என்று தோன்றும். வாங்குவோர் தரப்பைக் கேட்காமல் அந்த முடிவுக்குப் போக முடியாது.

அரிய நோயுள்ள குழந்தைகளின் பெற்றோர் அமைப்பை நடத்துபவர் பெரும்பாலும் அப்படிப்பட்ட ஒரு குழந்தையின் தாயோ தந்தையோதான். நாடு முழுவதும் சில நூறு குடும்பங்கள். பொதுமக்கள் பெயரே கேள்விப்படாத நோய்க்கு உண்டியல் குலுக்கினால் எவ்வளவு சேரும்? அரசு உதவி இருக்கிறதென்றால் அதற்கும் எல்லை உண்டு. இந்தியாவின் 2021-ஆம் ஆண்டு அரிய நோய்க் கொள்கையின் கீழ் பின்னர் உயர்த்தப்பட்ட உச்சவரம்பு 50 லட்சம் ரூபாய், சில மரபணுச் சிகிச்சைகளின் விலையோ பல கோடி. அந்த நோயைப் பற்றி அக்கறையோடு வீட்டுக் கதவைத் தட்டும் ஒரே ஆள் மருந்து நிறுவனத்தின் பிரதிநிதி. அவரைத் திருப்பி அனுப்பு என்று சம்பளம் வாங்கும் பேராசிரியர் அறிவுரை சொல்வது எளிது.

ஆராய்ச்சியே நோயாளர் அமைப்பின் பணத்தால் நடந்ததும் உண்டு. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் ஃபவுண்டேஷன் மருந்து நிறுவனத்திடம் வாங்குவதற்குப் பதிலாக நிறுவனத்துக்கே முதல் போட்டது. அதில் பிறந்த ஐவகாஃப்டர் மருந்து 2012 ஜனவரியில் ஒப்புதல் பெற்றது. நோயின் வேரையே தொட்ட முதல் மருந்து. 2014-இல் தன் உரிமத்தொகைப் பங்கை அந்த அமைப்பு 330 கோடி டாலருக்கு விற்றது. அந்தப் பணம் மேலும் ஆராய்ச்சிக்குப் போனது. ஆனால் மருந்தின் விலை ஆண்டுக்கு ஏறத்தாழ மூன்று லட்சம் டாலராக இருந்தது. உரிமத்தொகை கையில் இருந்தவரை, விலை ஏற ஏற அமைப்பின் பங்கும் ஏறும். நோயாளியின் பிரதிநிதி விற்பனையிலும் பங்குதாரர் ஆனால் விலையைப் பற்றி அவர் எந்தத் தொப்பியோடு பேசுவார்?

பணம் ஒன்றே கண்ணை மறைக்கும் என்பதும் இல்லை. அடுகானுமாப் என்ற அல்சைமர் மருந்தை 2020 நவம்பரில் உணவு, மருந்து நிர்வாகத்தின் நிபுணர் குழுவில் ஒருவர்கூட ஆதரிக்கவில்லை. 11 பேரில் 10 பேர் எதிர்த்தார்கள், ஒருவர் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். அல்சைமர்ஸ் அசோசியேஷன் ஒப்புதலுக்காகத் தீவிரமாகப் பிரசாரம் செய்தது. அதன் வருவாயில் மருந்துத் துறையின் பங்கு மிகச் சிறியது. அந்தப் பிரசாரத்தை நடத்தியதில் பெரும்பங்கு பல ஆண்டுகளாகப் புது மருந்தே வராத நோயின் ஏக்கத்துக்கு உண்டு. 2021 ஜூனில் ஒப்புதல் கிடைத்து, ஆண்டுக்கு 56,000 டாலர் என்று பயோஜென் விலை வைத்தபோது அதே சங்கம் அந்த விலையை ஏற்கவே முடியாது என்று வெளிப்படையாகக் கண்டித்தது. நிதியில் ஒரு கம்பெனியை நம்பியிருக்காததால் அந்தக் கண்டனம் அதனிடம் மிச்சமிருந்தது என்று சொல்லலாம். ஏக்கம் தவறான இடத்துக்கு இழுத்துப் போனாலும், திரும்பி வர வழி இருந்தது.

வழியே அடைபட்டுப்போனால் என்ன ஆகும் என்பதை அமெரிக்க ஹீமோஃபிலியா நோயாளிகள் அனுபவித்தார்கள். ஆயிரக்கணக்கானோரின் பிளாஸ்மாவைக் கலந்து தயாரிக்கப்பட்ட உறைகாரணி மருந்தால் எய்ட்ஸ் பரவக்கூடும் என்ற ஐயம் 1982-இலேயே எழுந்தது. நேஷனல் ஹீமோஃபிலியா ஃபவுண்டேஷன் 1983 தொடக்கத்தில் அபாயம் அதிகமுள்ளவர்களிடம் பிளாஸ்மா எடுக்காதீர்கள் என்று கம்பெனிகளிடம் கேட்டதும் உண்மை. நோயாளிகளிடம் மருந்தைத் தொடருங்கள் என்று சொல்லிவந்ததும் உண்மை. 16,000 ஹீமோஃபிலியா நோயாளிகளில் பாதிக்கு மேல் தொற்றுக்கு ஆளானார்கள். அந்த மருந்து அவர்களது வாழ்க்கையையே மாற்றியிருந்தது, மருத்துவர்களும் அதை நம்பினார்கள் என்பதெல்லாம் காரணங்கள்தாம். ஆனால் 1995-இல் அமெரிக்காவின் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் அமைத்த விசாரணைக் குழு, தயாரிப்பாளர்களோடு இருந்த பணத் தொடர்பு அந்த அமைப்பின் நம்பகத்தன்மையைக் கடுமையாகக் குலைத்தது என்று பதிவுசெய்தது. பணம் வாங்காமல் இருந்திருந்தால் அறிவுரை மாறியிருக்குமா என்று இன்று நிரூபிக்க முடியாது. நிரூபிக்க முடியாத நிலையில் தன் உறுப்பினர்களை விட்டதே அந்த அமைப்பின் தவறு.

மறுத்தவர்கள்

பணம் வாங்காமலும் இயங்க முடியும் என்று காட்டியவர்கள் உண்டு. சான்ஃபிரான்சிஸ்கோவின் பிரெஸ்ட் கேன்சர் ஆக்ஷன், புற்றுநோயால் லாபம் பார்க்கும் நிறுவனங்களிடமும் புற்றுநோயை உண்டாக்கும் நிறுவனங்களிடமும் நிதி பெறுவதில்லை என்று 1998-இல் முடிவுசெய்தது. தென்னாப்பிரிக்காவின் ட்ரீட்மென்ட் ஆக்ஷன் கேம்பெய்ன் மருந்து நிறுவனங்களின் காசைத் தொடாமல், 39 நிறுவனங்கள் அந்நாட்டு அரசுமீது போட்ட வழக்கை 2001 ஏப்ரலில் திரும்பப் பெற வைத்த போராட்டத்தின் முன்வரிசையில் நின்றது. அமெரிக்காவில் மல்டிபிள் மயலோமா புற்றுநோயாளியான டேவிட் மிட்செல் 2017-இல் தொடங்கிய பேஷண்ட்ஸ் ஃபார் அஃபோர்டபிள் டிரக்ஸ், மருந்து விலையை அரசு பேரம்பேசும் 2022-ஆம் ஆண்டுச் சட்டத்துக்காகப் பாடுபட்டது.

ஆனால் இவர்களும் காற்றைக் குடித்து வாழவில்லை. மிட்செலின் அமைப்புக்கு ஆர்னால்ட் தம்பதியரின் அறநிதி ஆதரவு தந்தது. தென்னாப்பிரிக்க அமைப்பு வெளிநாட்டுக் கொடையாளர்களை நம்பியிருந்தது. கொடையாளருக்கும் தனக்கென ஒரு கொள்கை இருக்கும். மருந்துக் கம்பெனியிடமிருந்து விடுபட்டால் எல்லோரிடமிருந்தும் விடுபட்டதாகாது. வேறுபாடு இதுதான்: மருந்தின் விலையேறினால் அறநிதிக்கு லாபம் வராது.

வெளிப்படுத்தினால் போதுமா?

நாடுகள் இதுவரை கண்ட தீர்வு, கணக்கை வெளியிடு என்பது. பிரான்ஸின் 2011 டிசம்பர் சட்டம் நோயாளர் சங்கங்களுக்குக் கம்பெனிகள் தருவதையும் பொதுத் தளத்தில் பதிவிடச் சொல்கிறது. ஐரோப்பாவின் பிற பகுதிகளில் பெரும்பாலும் துறையே தனக்கு வகுத்துக்கொண்ட நடத்தை விதிகள்தாம். அமெரிக்காவில் 2010-ஆம் ஆண்டுச் சட்டம் மருத்துவருக்கு வாங்கிக் கொடுத்த மதிய உணவைக்கூடப் பதிவுசெய்ய வைக்கிறது. நோயாளர் அமைப்புக்குக் கொடுத்த கோடிகளைக் கேட்பதில்லை.

இந்தியாவில் மருந்து விற்பனை நெறிமுறைகள் 2024 மார்ச்சில் புதுப்பிக்கப்பட்டன. அவற்றின் கண் முதன்மையாக மருத்துவர்கள்மீதுதான் இருக்கிறது. கம்பெனிச் சட்டம் 2013-இன்படி பெரிய நிறுவனங்கள் லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். அந்தச் செலவைப் பற்றி ஆண்டறிக்கையில் சொல்ல வேண்டும் என்பதால், ஒரு பகுதி வெளிச்சம் ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் ‘நோய் விழிப்புணர்வு நாள்’ கூட்டத்துக்கான மண்டப வாடகை, மாநாட்டு ஸ்பான்சர்ஷிப், நோயாளர் உதவித் திட்டம் ஆகியவை விற்பனைச் செலவுக் கணக்கில் ஏறினால் அந்த வெளிச்சம் அங்கே விழாது.

வெளிப்படுத்தல் தேவை. ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால் அது பாவமன்னிப்புச் சீட்டு போலாகிவிடும்: பதாகையின் ஓரத்தில் பத்து லோகோக்களைப் போட்டுவிட்டால் கடமை தீர்ந்தது. லோகோ தொகையைச் சொல்வதில்லை, நோக்கத்தைச் சொல்வதில்லை. ஒரு கம்பெனியின் பணம் நின்றுபோனால் அமைப்பும் நின்றுபோகுமா என்பதையும் சொல்வதில்லை. நமக்குத் தெரிய வேண்டியது அந்த மூன்றாவதுதான். பத்து கொடையாளரிடம் பத்தில் ஒரு பங்கு வாங்கும் அமைப்பால் ஒருவரை இழக்க முடியும். ஒருவரிடம் பாதி வாங்கும் அமைப்பால் முடியாது. ஆகவே ஒரு கொடையாளரின் பங்குக்கு உச்சவரம்பு வைப்பதும், கம்பெனிகளின் பணத்தைப் பொது நிதியில் சேர்த்து மூன்றாம் தரப்பு பகிர்ந்தளிப்பதும், துறையில் பதவியில் இருப்பவர் ஆட்சிக் குழுவில் அமரக் கூடாது என்பதும் லோகோ பட்டியலைவிட அதிகம் செய்யும்.

இவற்றுக்குமேல், வெளியிலிருந்து எவரும் கேட்கக்கூடிய எளிய சோதனை ஒன்று உண்டு. தனக்குப் பணம் தரும் மருந்துத் துறைக்கு நட்டம் தரக்கூடிய ஒரு வாக்கியத்தை இந்த அமைப்பு எப்போதாவது பொதுவில் சொல்லியிருக்கிறதா? விலை அதிகம் என்றோ, பக்கவிளைவு மறைக்கப்பட்டது என்றோ, மலிவான மருந்து இருக்கிறது என்றோ? அல்சைமர்ஸ் அசோசியேஷன் இந்தச் சோதனையில் தேறும். அமெரிக்கன் பெயின் ஃபவுண்டேஷன் தேறாது. அரசுக் குழுவும் நீதிமன்றமும் செய்தியாளரும் ஒரு நோயாளர் பிரதிநிதியை அழைக்குமுன் இதைக் கேட்டாக வேண்டும்.

கடைசியாக, இந்த விவாதத்தில் குற்றவாளிக் கூண்டில் எப்போதும் நிற்பவை வாங்கும் அமைப்பும் கொடுக்கும் கம்பெனியும்தான். மூன்றாவதாக நிற்க வேண்டியது அரசு. நோயாளியின் கருத்து எங்களுக்குத் தேவை என்று அழைப்பு அனுப்பும் அரசு, அந்தக் கருத்தை உருவாக்க ஆகும் செலவைச் சந்தைக்கு விட்டுவிடுகிறது. ஜெர்மனியில் அப்படியில்லை. சட்டப்படி இயங்கும் காப்பீட்டு நிதியங்கள் காப்பீடு பெற்ற ஒவ்வொருவர் கணக்கிலும் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு யூரோவை நோயாளர் தன்னுதவிக் குழுக்களுக்கு ஒதுக்கியாக வேண்டும். தமிழ்நாட்டின் முதலமைச்சர் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு கோடிக்கு மேற்பட்ட குடும்பங்கள் இருக்கின்றன. குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஒரு ரூபாய் ஒதுக்கினாலே, தாலசீமியா, ஹீமோஃபிலியா, முதல்வகை நீரிழிவுக் குழுக்கள் பலவற்றின் அலுவலக வாடகையும் ஓர் ஊழியரின் சம்பளமும் அதில் அடங்கும். அதன்பிறகும் கம்பெனியிடம் கை நீட்டும் அமைப்பை நாம் தயக்கமின்றிக் கேள்வி கேட்கலாம். அதுவரை, வேறு கதவு எதுவும் திறந்திராத தாயிடம் போய், நீ ஏன் இந்தக் கதவைத் தட்டினாய் என்று கேட்கும் தகுதி நமக்குப் பாதிதான் உண்டு.